வில்லிஸ் ரென்ஃப்ரோ கிடந்த தெரு

கடிதம் என் பெயருக்குத்தான் வந்திருந்தது. ஆனால் படித்த அன்றே அது அப்பாவின் கடிதமாகிவிட்டது.

எழுதியவர் கான்சாஸ் மாநிலத்தில் ஹார்பன் கவுண்டி என்ற மாவட்டத்தின் பாக்ஸ்டன் ஊரைச் சேர்ந்த ஓபல் டிபெட்ஸ் என்ற அம்மாள். நாட்டின் இருநூறாவது சுதந்திர ஆண்டு விழாவுக்குள் தங்கள் கவுண்டிக்கு ஒரு சரித்திரப் புத்தகம் போடப்போகிறார்களாம். 1888-ஆம் வருஷச் சண்டையில் இருந்தவர்களின் குடும்பங்களிடம் படமும் விவரமும் கேட்டு வாங்குகிறார்களாம். நான் ஏசா கெஸலின் பேத்தி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாராம். முடிந்தால் நேரில் வரவும் என்று கடைசியில் ஒரு வரி, பேனாவால்.

ஏசா கெஸல் என் அப்பாவின் அப்பா. அவர் இறந்தபோது எனக்கு ஆறு வயது. கைகள் பெரிதாக இருக்கும், பேசமாட்டார் என்பதைத் தவிர எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் நினைவில்லை. ஆனால் அவருடைய வீரக்கதை எனக்கு மனப்பாடம். அப்பா அதைச் சொல்லாத கிறிஸ்துமஸ் இல்லை. பாக்ஸ்டன் ஆட்கள் நாற்பது பேர் துப்பாக்கியோடு மெரிடித் ஊருக்கு வந்தார்கள். கவுண்டியின் பதிவேடுகளைக் கொள்ளையடிக்கப் பார்த்தார்கள். இருபத்துநாலு வயதுக் குமாஸ்தாவான தாத்தா, வாசல் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசிவரை அந்தக் கதவு திறக்கவில்லை. இதுதான் கதை. தாத்தா தன் வாயால் அதை ஒருநாளும் சொன்னதில்லை. அப்பா தன் சித்தப்பா ஒருவரிடம் கேட்டது.

அப்பாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. விச்சிட்டாவில் மாவு மில்லில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். இதயம் தளர்ந்து கால் வீங்கிக்கொண்டிருந்தது. நான் நர்ஸ் என்பதால் டாக்டர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்றார். அதனால்தான் அப்பா ஹார்பனுக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தபோது நான் மறுக்கவில்லை. தட்டச்சு இயந்திரத்துக்குப் புது ரிப்பன் வாங்கி, தன் அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் அடித்தார். ஐந்து தடவை திருத்தி அடித்தார். 1974 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

மேற்கே நாலரை மணி நேரம். மரங்கள் குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் இல்லாமலே போயின. அப்பா வழியெல்லாம் அந்தக் காலத்துச் சண்டையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

கான்சாஸின் அந்த மூலையில் முதலில் தாளில் கோடு போட்டு கவுண்டியை உண்டாக்கினார்கள். பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். அதற்கு முன்பு அங்கே இருந்த பழங்குடிகளைத் துரத்திப் பத்து வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. வந்தவர்கள் ஆறு மைல் இடைவெளியில் இரண்டு ஊர்களைப் போட்டார்கள். பாக்ஸ்டன் ஒன்று, மெரிடித் ஒன்று. கவுண்டியின் தலைமையூர் எதுவோ அங்கேதான் நீதிமன்றம், அங்கேதான் ரயில் வரும் என்று எல்லாரும் நம்பினார்கள். தோற்ற ஊரில் கட்டிய வீடும் கடையும் மண்ணோடு மண். ஆகவே தேர்தல் வைத்தார்கள். கவுண்டியில் ஓட்டுரிமை உள்ளவர்கள் எழுநூறு பேர். விழுந்த ஓட்டு ஆயிரத்து அறுநூறு. பாக்ஸ்டன் ஜெயித்ததாக அறிவித்தார்கள். மெரிடித் ஒப்புக்கொள்ளவில்லை. பதிவேடுகள் மெரிடித்தில் இருந்தன. யாரிடம் பதிவேடுகள் இருக்கின்றனவோ அவர்களுடையதுதான் கவுண்டி.

சண்டையில் நாலு பேர் செத்தார்கள். யார்மேலும் வழக்கு நிற்கவில்லை. ஜூரியாக உட்காரப் பாரபட்சமில்லாத பன்னிரண்டு பேரை அந்தக் கவுண்டியில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்று நீதிபதி கைகழுவிவிட்டார். பிறகு பதிவேடுகள் பாக்ஸ்டனுக்குப் போயின. ரயில் இரண்டு ஊருக்கும் வராமல் இருபது மைல் தெற்கே போய்விட்டது. மெரிடித் ஆட்கள் தங்கள் மரவீடுகளைச் சக்கரத்தில் ஏற்றி, குதிரை கட்டி இழுத்துக்கொண்டு ரயில் பக்கம் போனார்கள். தாத்தா அதற்கு முன்பே, சண்டை நடந்த வருஷ வசந்தத்திலேயே, விச்சிட்டாவுக்கு வந்துவிட்டார். திரும்பிப் போகவே இல்லை.

பாக்ஸ்டனில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவில் நாலு கார்கள் நின்றன. ஜனத்தொகை முந்நூற்றி எண்பது என்று பலகை சொன்னது. நீதிமன்றக் கட்டிடம் மட்டும் ஊருக்குப் பொருந்தாத உயரத்தில் நின்றது. அதன் அடித்தளத்தில் ஓர் அறையைச் சரித்திரச் சங்கத்துக்குக் கொடுத்திருந்தார்கள். ஓபல் டிபெட்ஸ் எழுபது வயதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு, ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அப்பாவுக்கு நாற்காலி போட்டுவிட்டுக் காப்பி வேண்டுமா என்று கேட்டார்.

"கழுதைக்கெல்லாம் ஓட்டு குடுத்த ஊராச்சே. உங்க காப்பிய நம்பிக் குடிக்கலாமா?" என்றார் அப்பா.

"மூணே மூணு கழுதைதான் மிஸ்டர் கெஸல். உங்க ஊர்ல செத்துப்போனவங்க பதினாலு பேரு எந்திரிச்சு வந்து போட்டாங்களே, அத என்ன சொல்றது?"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் மனசு லேசானது. இப்படியே பேசிவிட்டு, படத்தைக் கொடுத்துவிட்டு, மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பக்கத்தை உரக்க வாசித்தார். கதவு கடைசிவரை திறக்கவில்லை என்ற இடத்தில் குரலை உயர்த்தினார். ஓபல் கைகளை மேசைமேல் கோத்து வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இதுல வில்லிஸ் இல்லையே" என்றார்.

"எந்த வில்லிஸ்?"

"வில்லிஸ் ரென்ஃப்ரோ. எங்க மாமா. எங்கம்மாவோட அண்ணன்."

என் அப்பாவின் முழுப்பெயர் எவரெட் வில்லிஸ் கெஸல். ஆஸ்பத்திரிச் சீட்டுகளிலும் வரிப் படிவங்களிலும் அதை எத்தனையோ தடவை நானே எழுதியிருக்கிறேன். அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓபல் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

வில்லிஸும் ஏசாவும் ஓஹையோவில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஒரே ரயிலில் கான்சாஸுக்கு வந்தார்கள். புல்தரையைக் கட்டிகட்டியாக வெட்டி அடுக்கி ஒரு வீடு கட்டி, முதல் குளிர்காலத்தை அதில் சேர்ந்து கழித்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் பார்த்துக்கொள்வார். பிறகு ஏசாவுக்கு மெரிடித்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. வில்லிஸின் பெற்றோரும் தங்கை லவீனாவும் வந்து பாக்ஸ்டன் பக்கம் நிலம் எடுத்தார்கள். அதோடு ஆளுக்கொரு ஊராகிவிட்டார்கள். லவீனாதான் ஓபலின் அம்மா. அப்போது லவீனாவுக்குப் பதினாறு வயது.

பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். பாக்ஸ்டனிலிருந்து இருபத்திரண்டு பேர் மூன்று வண்டிகளில் பதிவேடுகளை எடுக்க வந்தார்கள். நாற்பது பேர் இல்லை. மெரிடித் ஹோட்டலின் மாடியிலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. மூன்று பேர் அங்கேயே செத்தார்கள். மற்றவர்கள் வண்டிகளைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். வில்லிஸுக்குக் குண்டு தொடையில் பட்டது. குமாஸ்தா அலுவலகத்துக்கு முன்னால், கதவிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, பனியில் விழுந்தான். எழுந்திருக்க முடியவில்லை.

அன்றைக்கு மூக்கு விறைக்கிற குளிர். அலுவலகத்துக்குள் ஏசாவும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சாவி ஏசாவிடம். வெளியே அடி எடுத்து வைப்பவன் எவனோ அவன் பாக்ஸ்டன்காரன் என்று ஹோட்டல் மாடியிலிருந்து கத்திச் சொல்லியிருந்தார்கள்.

வில்லிஸ் ஏசாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். முதலில் கதவைத் திறக்கச் சொன்னான். பிறகு ஒரு போர்வையாவது தூக்கிப் போடச் சொன்னான். பிறகு ஓஹையோவில் அவர்கள் தெருவில் இருந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஓடி வந்தவர்கள் சொல்லக் கேட்டு, லவீனா ஒரு பனிச்சறுக்கு வண்டியை ஆறு மைல் இழுத்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு வெள்ளைத் தலையணை உறையைக் கொடியாகப் பிடித்திருந்தாள். ஊர் முனையில் குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து தெரு தெரிந்தது. அண்ணன் குரல் கேட்டது. அலுவலகத்து ஜன்னலில் ஏசாவின் முகமும் தெரிந்தது. இருட்டும் நேரத்தில் குரல் நின்றது. அதற்குப் பிறகுதான் அவளை உள்ளே விட்டார்கள். வில்லிஸின் முழங்கால் மடங்கியபடியே விறைத்துப்போயிருந்தது, நீட்ட முடியவில்லை. சவப்பெட்டியை அகலமாகச் செய்யவேண்டியிருந்தது.

"சுட்டுக் கொன்னாங்கன்னுதான் எல்லா இடத்துலயும் எழுதியிருக்கு" என்றார் ஓபல். "தொடையில பட்ட குண்டுல யாரும் சாவாங்களா? உங்க பொண்ணு நர்ஸ்னு எழுதியிருந்தாங்க, கேட்டுப் பாருங்க. அஞ்சு மணி நேரம் மிஸ்டர் கெஸல். உங்கப்பா அஞ்சு மணி நேரம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு."

அப்பா எழுந்தார். கைத்தடி கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

"செத்தவரு வந்து பதில் சொல்ல மாட்டாருங்கற தைரியம். இதச் சொல்றதுக்குத்தான் லெட்டர் போட்டு வரவழைச்சீங்களா?"

"ஆமா" என்றார் ஓபல்.

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அப்பாவின் வீங்கிய கால்களையும் அவிழ்த்துவிட்ட ஷூ நாடாக்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவைப் பிடித்துப் படியேற்றிக் காருக்குக் கூட்டிவந்தேன். அவர் அடித்த பக்கம் மேசைமேலேயே இருந்துவிட்டது.

வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். மெரிடித்துக்கு விடு என்றார்.

மெரிடித் என்று ஒன்று இல்லை. மண்பாதைகள் இரண்டு குறுக்கே சந்திக்கிற இடத்தில் நிறுத்தினேன். நாலு பக்கமும் புதிதாக முளைத்த கோதுமை, விரல் உயரம். ஓரத்தில் ஒரு பழைய நிலவறைப் பள்ளம், அதற்குள் துருப்பிடித்த கட்டில் கம்பியும் உடைந்த பாட்டில்களும். காற்று காரின் கதவைத் திறக்கவிடவில்லை. அப்பா தள்ளித் திறந்து இறங்கினார். கோதுமைக்குள் பத்து அடி நடந்துவிட்டு நின்றார். நான் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"ஒம்பது வயசுல எங்கம்மாகிட்ட கேட்டேன்" என்றார். "எனக்கு ஏன் வில்லிஸ்னு பேரு, நம்ம சொந்தத்துல யாருக்கும் அந்தப் பேரு இல்லையேன்னு. உங்கப்பா வச்சது, அவருகிட்ட மட்டும் கேட்டுடாதன்னாங்க. நானும் கேக்கல. பேர வச்சாரே ஒழிய, ஒரு நாளும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல."

"அப்பா, கார்ல உக்காருங்க. குளிருது."

"இரு" என்றார்.

கால்மணி நேரம் நின்றார். அவர் காதும் மூக்கும் சிவந்துபோயின. நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்துத்தான் கூட்டிவந்தேன். உதடு நீலமாகியிருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேலா, தாத்தா மேலா, அந்த அம்மாள் மேலா என்று தெரியவில்லை. பக்கத்து ஊர் விடுதியில் அறை எடுத்து, சூடாகச் சூப் வாங்கிக் கொடுத்தேன். தொடவில்லை. நாளைக்கு அந்தம்மாவைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை எட்டரைக்கே போய்விட்டோம். ஓபல் எங்களுக்கு முன்பே அங்கே இருந்தார். கண்கள் வீங்கியிருந்தன. மேசைமேல் அப்பாவின் பக்கம் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் இன்னும் மூன்று பக்கங்கள். லவீனா சாவதற்கு முந்திய வருஷம் சொல்லச்சொல்ல ஓபல் எழுதி, பிறகு தட்டச்சு செய்து வைத்தது.

அப்பா உட்காருவதற்குள் ஓபல் பேச ஆரம்பித்தார்.

"நேத்து ஒண்ணு சொல்லாம விட்டேன். அம்மா சொன்னதுல அதுவும் இருக்கு. அந்த ரூமுக்குள்ள இருந்த ஒருத்தர் பின்னாடி பாக்ஸ்டன்ல வந்து கொல்லுப்பட்டறை வச்சிருந்தாரு. அவரு அம்மாகிட்ட சொன்னது. உங்கப்பா ரெண்டு தடவை எந்திரிச்சிருக்காரு. ரெண்டாவது தடவை கதவ ஒரு சாண் தொறந்துட்டாரு. ஹோட்டல் மாடியிலேர்ந்து சுட்டாங்க. அவரு ஊர் ஆளுங்களேதான். குண்டு கதவு நிலையில பட்டுது. மூடிட்டு வந்து உக்காந்துட்டாரு."

ஓபல் அந்த மூன்று பக்கங்களை அப்பா பக்கம் நகர்த்திவிட்டுத் தொடர்ந்தார்.

"அதச் சொன்னா உங்களுக்கு ஆறுதலா இருக்கும்னுதான் சொல்லல. அம்பது வருஷமா ஒரு கெஸல் மூஞ்சிக்கு நேரா இதச் சொல்லணும்னு இருந்தேன். சொல்லிட்டேன். நல்லா இருக்கும்னு நெனச்சேன்."

"எத்தன மணிக்குத் தொறந்தாராம்?" என்று கேட்டார் அப்பா.

"ஒரு மணி இருக்கும்னு சொன்னாராம்."

"அதுக்கப்புறம் இருட்டுற வரைக்கும் நாலு மணி நேரம் இருந்துச்சே."

ஓபல் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. இருபத்துநாலு வயது, மேலே துப்பாக்கிகள், வெளியே போனால் இரண்டு பிணம் விழுந்திருக்கும் என்றெல்லாம். சொல்லவில்லை. அப்பாவுக்கு அதெல்லாம் தெரியும்.

அவர் தன் பக்கத்தை எடுத்து நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். புத்தகத்தில் லவீனாவின் மூன்று பக்கத்தையும் போடும்படி சொன்னார். ஒரு வரியும் குறைக்கவேண்டாம், கதவு ஒரு சாண் திறந்ததும் இருக்கட்டும், சாத்தியதும் இருக்கட்டும். கீழே தன் முழுப்பெயரைப் போட்டு, ஏசா கெஸல் தன் மகனுக்கு வைத்த பெயர் என்று எழுதும்படி சொன்னார். ஓபல் பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார். நடுப்பெயர் வந்ததும் பென்சில் நின்றது. அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுத்துக் கூட்டி, மெதுவாக எழுதினார்.

கல்லறைக்கும் போனோம். ஓபல் தன் காரில் முன்னால் போனார். வில்லிஸின் கல்லில் 'பாக்ஸ்டனுக்காக உயிர் கொடுத்தவர்' என்று இருந்தது.

"ஊர்க்காரங்க வச்சது" என்றார் ஓபல். "அம்மாவுக்கு அந்த வரி பிடிக்கவே பிடிக்காது."

அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். அவர் ஜெபம் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. திரும்பும்போது நான் அவருடைய ஒரு கையைப் பிடித்தேன், ஓபல் மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டார். தரை மேடுபள்ளமாக இருந்தது.

அப்பா ஜனவரி கடைசியில் இறந்தார். ஆஸ்பத்திரியில், என் வார்டிலேயே, மூச்சு வாங்கி வாங்கி மூன்று நாள் இழுத்துக்கொண்டிருந்து போனார். அந்த மூன்று நாளும் புத்தகம் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் வந்துவிட்டது என்று பொய் சொன்னேன். எத்தனாவது பக்கம் என்று கேட்டார். நூற்றிப் பதினாலு என்றேன்.

புத்தகம் 1976 ஜூனில் வந்தது. நீல அட்டை, தங்க எழுத்து. அதிகச் சந்தா கொடுத்த பண்ணைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு இரண்டு பக்கம். சண்டைக்கு அரைப் பக்கம். 'இரு தரப்பிலும் துணிச்சல் மிக்கவர்கள் இருந்தனர். நால்வர் குண்டடிபட்டு மாண்டனர்' என்று இருந்தது. அந்த நால்வரின் பெயர்களில் வில்லிஸின் பெயரும் ஒன்று. லவீனாவின் பக்கங்கள் இல்லை. அப்பாவின் பெயர் இல்லை. ஹோட்டல் மாடியில் துப்பாக்கி பிடித்திருந்தவர்களின் பேரன்கள் இருவர் புத்தகக் குழுவில் இருப்பதாகவும், பழைய புண்ணைக் கிளறவேண்டாம் என்று ஓட்டெடுத்து முடிவு செய்ததாகவும், ஏழுக்கு ஒன்று என்று தான் தோற்றதாகவும் ஓபல் எழுதியிருந்தார். மூன்று பக்கங்களின் நகலை உள்ளே வைத்திருந்தார். உங்கள் அப்பாவிடம் நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்று முடித்திருந்தார்.

அவருக்கு நான் மூன்று வருஷம் கடிதம் எழுதினேன். அவரும் எழுதினார். பெரும்பாலும் வானிலை, மூட்டுவலி, யாருக்கு என்ன ஆபரேஷன் என்பதுதான். 1979 மார்ச்சில் அவர் போய்விட்டதாக அவருடைய பக்கத்துவீட்டுக்காரர் ஃபோன் செய்தார். போனேன். பதினொரு பேர் வந்திருந்தார்கள். அடக்கம் முடிந்ததும் மெதடிஸ்ட் சர்ச்சின் அடித்தளத்தில் சாப்பாடு. ஹாம், உருளைக்கிழங்கு சாலட், ஆப்பிள் பை. நான் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எதிரே ஒரு பெரியவர், கழுத்தில் பிராயத்துக்குப் பொருந்தாத இறுக்கமான டை, ஓபல் எனக்கு என்ன உறவு என்று விசாரித்தார். உறவு இல்லை, என் தாத்தா இந்தக் கவுண்டிக்காரர் என்றேன்.

"அப்படியா. எந்த ஊரு, பாக்ஸ்டனா?"

"மெரிடித்" என்றேன். "ஏசா கெஸலோட பேத்தி."

அவர் காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு, சிரமப்பட்டு எழுந்து, அடுத்த மேசைக்குப் போனார். நான் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவுகிற பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கிழக்கே வண்டியைத் திருப்பினேன்.